எந்திரத்துக்கு மொழிபெயர்ப்பாளர் செய்தவர்கள்!

கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது.

ஆங்கிலம்? அதுவும் தெரியாது!

அதற்குத் தெரிந்தவை இரண்டே எழுத்துகள். ஒன்று, 0. மற்றொன்று, 1. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, நீளமான வரிசையாகக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும்.

நாம் அப்படிப் பேசுவதில்லை. பிறகு, நாம் சொல்லும் வேலையைக் கம்ப்யூட்டர் எப்படிச் செய்கிறது?

இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். அவர் மனிதர் அல்ல. அவரும் ஒரு புரோகிராம்தான். அதாவது, எந்திரத்துக்கு எழுதி வைத்த கட்டளைகளின் தொகுப்பு. அந்த மொழிபெயர்ப்பாளருக்குக் "கம்பைலர்" என்று பெயர்.

இதைச் செய்தவர்கள் யார்? பெரிய கம்பெனிகளா? கூட்டம் கூட்டமாக என்ஜினீயர்களா?

அப்படிச் செய்ததும் உண்டு. ஆனால், தனியாக உட்கார்ந்து, முதலில் இருந்து கடைசி வரை தாங்களே செய்தவர்களும் உண்டு. அவர்களுடைய கதை இது.

7 கடிகாரங்கள்

1906-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி அமெரிக்காவில், நியூயார்க் நகரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர், கிரேஸ்.

அவளுக்கு 7 வயது இருக்கும். வீட்டில் இருந்த அலாரக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டாள். கழற்றினாள். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. இன்னொரு கடிகாரத்தைக் கழற்றினாள். அப்புறம் இன்னொன்று!

தாயார் வந்து பார்த்தபோது, 7 கடிகாரங்கள் கழன்று கிடந்தன.

தாயார் அடிக்கவில்லை. "இனிமேல் ஒரு கடிகாரம்தான் உனக்கு" என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சிறுமிதான் பின்னாளில் கிரேஸ் ஹாப்பர் என்று புகழ் பெற்றார். கணிதம் படித்தார். 1934-ம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். கல்லூரியில் ஆசிரியையாகவும் இருந்தார்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. கடற்படையில் சேர முன்வந்தார். அவரது எடை போதவில்லை. சிறப்பு அனுமதி பெற்று, 1943-ம் ஆண்டு சேர்ந்தார்.

1944-ம் ஆண்டு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த "மார்க்-1" என்ற எந்திரத்திடம் அவரை அனுப்பினார்கள். அதன் நீளம் 51 அடி. உயரம் 8 அடி. கணக்குப் போடும் எந்திரம், ஒரு ரெயில் பெட்டி போல நின்றது!

நோட்டுப் புத்தகம்

போர் முடிந்தது. 1949-ம் ஆண்டு, பிலடெல்பியா நகரில் "யூனிவாக்" கம்ப்யூட்டரை உருவாக்கிய கம்பெனியில் ஹாப்பர் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே புரோகிராம் எழுதுவோர் எல்லோரும் ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்கள். அடிக்கடி தேவைப்படும் கணக்குகளுக்கான கட்டளைகள் அதில் இருக்கும். ஒருவருக்குத் தேவை என்றால், இன்னொருவருடைய நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வார்.

இதில் ஒரு தொல்லை இருந்தது. பார்த்து எழுதும்போது தவறு வந்தது. கட்டளைகளின் இட எண்களைக் கூட்டி மாற்றும்போதும் தவறு வந்தது. ஓர் எழுத்து மாறினாலும் எல்லாம் போயிற்று! எங்கே தவறு என்று தேடுவதிலேயே நாள் போயிற்று.

ஹாப்பர் யோசித்தார்.

"பார்த்து எழுதுவதும் கூட்டுவதும் மனிதனுக்குச் சலிப்பான வேலை. எந்திரத்துக்கு அதுதானே தொழில்? அதையே செய்யச் சொன்னால் என்ன?" இதுதான் அவருடைய யோசனை.

கட்டளைத் தொகுப்புகளை எல்லாம் காந்த நாடாவில் ஏற்றினார். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் கொடுத்தார். அடையாளத்தை மட்டும் எழுதினால் போதும். எந்திரமே தேடி எடுத்து, இடம் பார்த்து, ஒன்றோடு ஒன்று கோத்து, முழுப் புரோகிராமையும் தயாரித்துவிடும்.

1952-ம் ஆண்டில் அது வேலை செய்தது. "ஏ-0" என்று பெயர். பலவற்றைத் திரட்டித் தொகுப்பது என்ற பொருளில் "கம்பைலர்" என்று அழைத்தார்.

இன்றைய கம்பைலர்கள் செய்யும் வேலை எல்லாவற்றையும் அது செய்யவில்லை. ஆனால் விதை அதுதான்.

கூடைப்பந்து கைகொடுத்தது!

இதைச் செய்யும்போது ஹாப்பருக்கு ஒரு சிக்கல் வந்தது.

எந்திரம் கட்டளைகளை வரிசையாகக் கோத்துக்கொண்டே போகிறது. நடுவில், "பின்னால் வரும் இன்ன கட்டளைக்குத் தாவு" என்று ஒன்று வருகிறது. அந்தக் கட்டளை எந்த இடத்தில் உட்காரப் போகிறது? இன்னும் தெரியாதே! தெரியாத இடத்துக்கு எப்படி விலாசம் எழுதுவது?

ஹாப்பர் மாணவியாக இருந்தபோது கூடைப்பந்து ஆடியவர். அந்தக் காலத்தில் பெண்களுக்கு ஒரு விதி இருந்தது. பந்தைத் தட்டிக்கொண்டே ஓடக்கூடாது. ஒரு தடவைதான் தட்டலாம். பிறகு தோழியிடம் பந்தைக் கொடுத்துவிட்டு, முன்னால் ஓடி நின்று, மீண்டும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அது ஹாப்பருக்கு நினைவு வந்தது!

எந்திரத்தின் நினைவில் ஒரு மூலையை ஒதுக்கினார். இடம் தெரியாத தாவல் வந்தால், அந்த மூலைக்கு "பந்தை" அனுப்பி வைத்தார். பிறகு உரிய இடம் வந்ததும், மூலையில் இருந்து அங்கே பந்தைத் திருப்பிவிட்டார். சிக்கல் தீர்ந்தது.

யாரும் நம்பவில்லை

மொழிபெயர்ப்பாளர் தயார். ஆனால் உபயோகிக்க ஆள் இல்லை!

"கம்ப்யூட்டர் கணக்குத்தான் போடும். புரோகிராம் எழுதாது" என்பது அப்போது பலருடைய எண்ணம். ஓடும் கம்பைலரைக் கையில் வைத்துக்கொண்டு, ஹாப்பர் பலரிடம் எடுத்துச் சொன்னார்.

அவர் அதோடு நிற்கவில்லை. இன்னும் ஒரு படி மேலே போனார்.

"கணித நிபுணர்களுக்குக் குறியீடுகள் போதும். கடைக் கணக்கு, சம்பளக் கணக்கு பார்ப்பவர்களுக்கு? அவர்கள் சாதாரண ஆங்கிலச் சொற்களில் கட்டளை எழுதட்டும். எந்திரம் மொழிபெயர்த்துக்கொள்ளட்டும்" என்பது அவர் திட்டம்.

மேலதிகாரிகளிடம் செய்து காட்டினார். ஆங்கிலச் சொற்களில் எழுதிய புரோகிராம் ஓடியது. சொற்களை மட்டும் மாற்றினார். அதே புரோகிராம் பிரெஞ்சு மொழியில் ஓடியது. ஜெர்மன் மொழியிலும் ஓடியது!

அதிகாரிகள் மகிழ்ந்தார்களா? இல்லை. பதறினார்கள்! "அமெரிக்காவில் செய்த எந்திரத்துக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படித் தெரியும்?" என்று திகைத்தார்கள். "இனி ஆங்கிலம் மட்டும்தான்" என்று வாக்குக் கொடுத்த பிறகே வேலை நகர்ந்ததாக ஹாப்பர் பின்னாளில் கூறினார்.

உண்மையில், எந்திரத்துக்கு எல்லா மொழியும் ஒன்றுதான். எந்தச் சொல்லுக்கு எந்த வேலை என்று சொல்லி வைத்தால் போதும். மற்றவர்கள் காணாத இந்த உண்மையை ஹாப்பர் கண்டார்.

அந்த முயற்சியில் இருந்து "புளோமேட்டிக்" மொழி பிறந்தது. 1959-ம் ஆண்டில் ஒரு குழு கூடி "கோபால்" மொழியை வகுக்கத் தொடங்கியபோது, அதற்குப் பெரும் அடிப்படையாக இருந்தது அதுதான். வங்கிகளும் அலுவலகங்களும் பல ஆண்டுகள் கோபாலில் கணக்கு எழுதின.

1986-ம் ஆண்டு, 79-வது வயதில், ரியர் அட்மிரல் பதவியோடு ஹாப்பர் ஓய்வு பெற்றார். 1992-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி காலமானார். ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

அம்மா சொன்ன வேலை

மொழிபெயர்ப்பாளர் எப்படி வேலை செய்கிறார்? அதை இப்போது பார்ப்போம்.

ஓர் அம்மா தன் மகனைக் கடைக்கு அனுப்புகிறார்.

"முனைக்கடையில் தயிர் இருந்தால் வாங்கி வா. இல்லாவிட்டால் பெரிய கடைக்குப் போ. அங்கே தயிர் இருந்தால் வாங்கி வா. இல்லாவிட்டால் மோர் வாங்கி வா."

பையனுக்கு உடனே புரிந்துவிடுகிறது. எந்த "இல்லாவிட்டால்" எந்தக் கடைக்கு என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எந்திரத்துக்கு அப்படி அல்ல. மூன்று படிகளில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

முதல் படி: எழுத்து வரிசையைச் சொல் சொல்லாக வெட்ட வேண்டும். பழைய பாட்டைப் பதம் பிரித்துப் படிக்கிறோமே, அது போல.

இரண்டாம் படி: எது எதோடு சேர்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் எழுவாய், பயனிலை என்று கோடு போட்டுக் காட்டுவார்களே, அது போல. இந்த வேலையைச் செய்யும் பகுதிக்குப் "பார்சர்" என்று பெயர்.

மூன்றாம் படி: சேர்த்ததை எந்திர மொழியில் எழுத வேண்டும்.

நடுப்படிதான் பலரைத் திணற வைக்கும்.

20-ஆ? 14-ஆ?

ஒரு மிட்டாய் 2 ரூபாய். ஒரு பென்சில் 3 ரூபாய். ஒரு மிட்டாயும் 4 பென்சிலும் வாங்கினால் எவ்வளவு?

2 + 3 × 4. விடை, 14.

அவசரக்காரர் இடமிருந்து வலமாகவே போவார். 2-ம் 3-ம் 5. ஐந்து நாலு 20! கடைக்காரர் 20 ரூபாய் கேட்டால் நாம் சும்மா இருப்போமா?

பார்சர் இந்தத் தவறைச் செய்யாமல் இருப்பது எப்படி?

மூன்று வேலைக்காரர்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர், கூட்டல்காரர். அடுத்தவர், பெருக்கல்காரர். மூன்றாமவர், எண்காரர்.

கூட்டல்காரர்தான் தலைவர். ஆனால் அவர் நேரடியாக எண்ணைத் தொடமாட்டார். "எனக்கு ஒரு துண்டு கொடு" என்று பெருக்கல்காரரிடம் கேட்பார். பெருக்கல்காரர் எண்காரரிடம் கேட்பார்.

எண்காரர் 2 என்று எடுத்துக் கொடுக்கிறார். பெருக்கல்காரர் அடுத்த குறியைப் பார்க்கிறார். அது "+". "இது என் வேலை அல்ல" என்று 2-ஐ அப்படியே மேலே கொடுத்துவிடுகிறார்.

கூட்டல்காரர் "+" குறியைப் பார்க்கிறார். "இது என் வேலை. இன்னொரு துண்டு கொடு" என்கிறார். பெருக்கல்காரர் 3-ஐ வாங்குகிறார். அடுத்த குறி "×". "இது என் வேலை!" 4-ஐயும் வாங்கி, 12 ஆக்கி, மேலே கொடுக்கிறார்.

கூட்டல்காரர் கூட்டுகிறார். 14!

அடைப்புக்குறி வந்தால்? எண்காரர் அதைப் பார்த்ததும், உள்ளே இருப்பதைக் கூட்டல்காரரிடமே திருப்பி அனுப்பிவிடுவார். உள்ளே இன்னோர் அடைப்புக்குறி இருந்தால், மீண்டும் அப்படியே. அடுக்கு டப்பாவுக்குள் டப்பா திறப்பது போல, எத்தனை இருந்தாலும் சரி!

இந்த மூன்று பேரின் வேலைதான் பார்சர். எழுதினால் நூறு வரிக்குள் முடிந்துவிடும்.

இன்று இவ்வளவு எளிது. ஆனால், முன்பு அப்படி இல்லை. ஐ.பி.எம். கம்பெனியில் ஜான் பேக்கசும் அவருடைய குழுவினரும் "போர்ட்ரான்" மொழிக்கு ஒரு கம்பைலர் செய்தார்கள். 1957-ம் ஆண்டு வெளிவந்தது. ஒரே ஆள் செய்திருந்தால் 18 ஆண்டுகள் ஆகியிருக்கும்! அவ்வளவு உழைப்பு. மொழியின் இலக்கணத்தைச் சிறு சிறு விதிகளாக எழுதும் முறை அதன் பிறகுதான் வந்தது. அது வந்ததும் மலை குன்றாயிற்று. இன்று கல்லூரி மாணவர்கள் அரை ஆண்டுப் பாடத்தில் ஒரு சிறு கம்பைலரைச் செய்து முடிக்கிறார்கள்.

பேனாவும் காகிதமும்

1975-ம் ஆண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம்.

ஸ்டீவ் வாஸ்னியாக் என்ற இளைஞருக்கு வயது 25. பகலில் ஒரு கம்பெனியில் கால்குலேட்டர் வடிவமைக்கும் வேலை. இரவில், தனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் செய்யும் ஆசை.

20 டாலர் கொடுத்து, கம்ப்யூட்டரின் மூளையாக இருக்கும் "சிப்" ஒன்றை வாங்கினார். எந்திரம் தயாராகிவிடும். ஆனால் அதனோடு யார் பேசுவது? "பேசிக்" என்ற எளிய மொழி அதற்குத் தெரிந்தால், வீட்டில் இருப்பவர்கள்கூடப் பேசலாம்.

வாஸ்னியாக் கம்ப்யூட்டர் மொழி எதையும் அதற்கு முன் செய்தது இல்லை. மேலும், எந்திர மொழியில் எழுத உதவும் பெரிய கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுக்க அவரிடம் பணம் இல்லை.

என்ன செய்தார்?

காகிதத்தை எடுத்தார். ஒரு பக்கம் தனக்குப் புரியும் கட்டளைகளை எழுதினார். மறு பக்கம், அதற்கு உரிய எந்திரக் குறிகளைத் தானே பார்த்து எழுதினார். மொழிபெயர்ப்பாளரைச் செய்வதற்கு, தானே மொழிபெயர்ப்பாளர் ஆனார்!

வேலையைச் சுருக்க ஒரு முடிவும் எடுத்தார். தசமப் புள்ளி வேண்டாம். முழு எண்கள் போதும். அதனால் -32767 முதல் 32767 வரையிலான எண்கள்தான் அதில் உண்டு.

சுமார் 4 மாதத்தில் வேலை முடிந்தது. இது வரி வரியாக மொழிபெயர்க்கும் வகை. கம்பைலர், ஒரு புத்தகம் முழுவதையும் மொழிபெயர்த்துக் கொடுப்பவர் என்றால், இது மேடையில் பேச்சாளர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்பவரைப் போன்றது.

1977-ம் ஆண்டு வெளிவந்த "ஆப்பிள்-2" கம்ப்யூட்டரில், வாஸ்னியாக் கையால் எழுதிய பேசிக் உள்ளேயே பதிந்து வந்தது.  சிறுவர்களும் எந்திரத்துக்குக் கட்டளை கொடுத்தார்கள்.

தமிழில் கட்டளை!

பிரெஞ்சும் ஜெர்மனும் ஓடும் என்றால், தமிழ் ஓடாதா?

ஓடும். ஓடியிருக்கிறது!

முத்தையா அண்ணாமலை என்ற தமிழர் "எழில்" என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார். அதைப் பற்றிய கட்டுரையை 2009-ம் ஆண்டு வெளியிட்டார். எழில் மொழியில் கட்டளைச் சொற்கள் தமிழ்ச் சொற்களே. அச்சிட்டுக் காட்ட "பதிப்பி". ஒரு பகுதியை முடிக்க "முடி".

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு.

ஆங்கில வழி மொழிகளில் "இருந்தால்" என்பதற்கான சொல் முன்னால் வரும். நிபந்தனை பின்னால் வரும். தமிழில் அப்படிப் பேசினால் சிரிப்பார்கள். "மழை வந்தால்" என்றுதான் சொல்கிறோம். "ஆல்" கடைசியில்தான் வருகிறது.

எழிலிலும் அப்படித்தான். நிபந்தனை முதலில் வரும். "ஆனால்" என்ற சொல் அதன் பின்னால் வரும். வேறு வழிக்கு "இல்லை" என்று எழுத வேண்டும். தயிர் வாங்கி வரச் சொன்ன அம்மாவின் வரிசை அப்படியே இருக்கிறது!

மொழிபெயர்ப்பாளரை நாமே செய்தால், நம் பேச்சின் வரிசையை அவருக்கு நாம் கற்றுக்கொடுக்கலாம். கடையில் வாங்கி வந்தவரிடம் அது நடக்காது.

மொழிபெயர்ப்பாளர் ஏமாற்றினால்?

இன்று நல்ல நல்ல கம்பைலர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிறகு எதற்கு நாமே செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

அதற்குக் கென் தாம்சன் பதில் சொல்லியிருக்கிறார். "யூனிக்ஸ்" என்ற புகழ் பெற்ற அமைப்பை உருவாக்கியவர்களில் அவர் ஒருவர். 1984-ம் ஆண்டு வெளிவந்த ஓர் உரையில் அவர் ஒரு திடுக்கிடும் விஷயத்தைச் சொன்னார்.

வாசலில் ஒரு காவலாளி இருக்கிறார். ரகசியச் சொல்லைச் சரியாகச் சொன்னவரைத்தான் உள்ளே விடுவார். அந்தக் காவலாளிப் புரோகிராமை யார் படித்துப் பார்த்தாலும் குற்றம் இருக்காது. ஆனால் கம்பைலர் அதை மொழிபெயர்க்கும்போது, திருடனுக்கு ஒரு கள்ளச் சாவியைச் சேர்த்துவிடும்!

"கம்பைலரைப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?" என்பீர்கள். தெரியாது! கம்பைலரும் ஒரு புரோகிராம்தானே? அதையும் ஒரு கம்பைலர்தான் மொழிபெயர்க்கிறது. பழைய கம்பைலர் புதிய கம்பைலரை மொழிபெயர்க்கும்போது, அந்தத் திருட்டுப் புத்தியையும் ரகசியமாகச் சேர்த்துவிடும். எழுத்தில் எங்கும் இருக்காது. வேலையில் மட்டும் இருக்கும்.

இதைத் தாம்சன் செய்தே பார்த்தார். நாமே முழுவதும் எழுதாத புரோகிராமை முழுவதும் நம்ப முடியாது என்பது அவர் சொன்ன பாடம்.

ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால் என்ன ஆகும்? பத்திரத்தில் அவர் படித்துக் காட்டியதுதான் எழுத்து. இரண்டாவது ஆள் படிக்கத் தெரிந்துகொண்டால், ஏமாற்று நிற்கும். இங்கும் அப்படித்தான். எல்லோரும் கம்பைலர் செய்ய வேண்டியது இல்லை. ஆனால், செய்யத் தெரிந்தவர்கள் ஊருக்குச் சிலராவது வேண்டும்.

நீங்களும் செய்யலாம்

உங்கள் வீட்டில் புரோகிராம் எழுதப் பழகும் மகனோ மகளோ இருந்தால், இதைச் சொல்லுங்கள்.

எடுத்த எடுப்பில் பெரிய மொழியைச் செய்ய வேண்டாம். முதலில், கூட்டல் மட்டும் தெரிந்த ஒரு பார்சர். பிறகு பெருக்கல். பிறகு அடைப்புக்குறி. அதன் பிறகு, ஓர் எண்ணுக்குப் பெயர் வைத்து நினைவில் வைக்கும் வசதி. கடைசியில், "இருந்தால், இல்லாவிட்டால்."

ஒவ்வொரு படியிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். தவறான கணக்கைக் கொடுத்தும் பார்க்க வேண்டும். "2 + " என்று பாதியில் நிறுத்தினால் என்ன சொல்கிறது? விழிக்கிறதா? "இந்த இடத்தில் எண் வேண்டும்" என்று இடத்தைக் காட்டிச் சொல்கிறதா? நல்ல மொழிபெயர்ப்பாளர், தவறையும் புரியும்படி சொல்வார்.

பணம் வேண்டாம். பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும். தினம் ஒரு மணி நேரம், சில வாரங்கள். இடையில் கோளாறு வரும். கழற்றிய கடிகாரத்தைப் பூட்டத் தெரியாமல் உட்கார்ந்த சிறுமிக்கும் வந்தது.

முதல் நாள், "2 + 3" என்று எழுதிக் கொடுங்கள். "5" என்று பதில் வந்தால், அது பேசத் தொடங்கிவிட்டது என்று பொருள். மறுநாள் பெருக்கலைக் கற்றுக்கொடுக்கலாம்!